பதினெட்டு ஒளு

சொட்டக்காவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒரு தாழ்ப்பாள். நகை நட்டு, மறுகல்யாணம், சொந்த வீடு என்று எதையும் அவள் கேட்கவில்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு கதவு, அந்தக் கதவுக்குப் பின்னால் கால் நீட்டிப் படுக்க ஓர் இடம், அவ்வளவுதான். நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி கேட்பதற்கு இது அதிகமா என்று நான் யாரைக் கேட்டாலும், "ச்சே, பாவம், இதுகூடக் கிடைக்கலையா" என்கிறார்கள். இப்படிச் சொல்கிற ஆட்களேதான் அவளை என்ன பண்ணினார்கள் என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றே வருஷத்தில், பிள்ளை பிறக்கவில்லை என்று, அளவு சரியில்லாத செருப்பைக் கடையில் திருப்பிக் கொடுப்பது போலத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அத்தாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் ஒரு தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நல்லவர். அதாவது, கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதைக் கேட்கிற நல்லவர். அந்த வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் கடைசியாகப் பேசுவது அண்ணி.

வீட்டில் கீழே இரண்டு அறைகள். ஒன்று அண்ணன் அண்ணிக்கு, இன்னொன்று அவர்களுடைய இரண்டு மகன்களுக்கு. கூடத்தில் அண்ணனின் வெட்டு மேஜை, மாடியில் இருந்த ஒற்றை அறையில் துணி மூட்டைகள். மிச்சம் இருந்தது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருக்கிற நடை. அகலம் மூன்றடி, நீளம் ஏழடி. பாய் விரித்தால் சரியாக இருக்கும். "அளவெடுத்துக் கட்டுன மாதிரி இருக்கு பாரு" என்று அண்ணி அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் இருபத்திரண்டு வருஷம், குளியலறைக்குப் போகிற எல்லோரும் அவளைத் தாண்டிக்கொண்டுதான் போனார்கள். சின்னதில் தாண்டத் தெரியாமல் மிதித்த பையன்கள், மீசை முளைத்த பிறகு தாண்டத் தெரிந்தும் மிதித்தார்கள். சேலை மாற்றக் குளியலறைக்குள் போனால் ரெண்டு நிமிஷத்தில் கதவு தட்டப்படும். "உள்ள யாரு?" "நான்தான்." "நீதானா? சீக்கிரம் வெளிய வா." அந்தக் குளியலறைத் தாழ்ப்பாளும் பாதிதான் விழும். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சேலை கட்டப் பழகியிருந்தாள்.

பாத்திரம், துணி, தரை மூன்றையும் முடித்துவிட்டுத் தெருக்கோடியில் இருந்த பள்ளிவாசலில் பெண்கள் பக்கத்துக் கழுவுமிடத்தைச் சுத்தம் செய்யப் போவாள். தொழுகைக்கு முன்னால் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, பாதம் என்று வரிசையாகக் கழுவி ஒளு செய்கிற இடம் அது. குழாய் சொட்டினால் அவளுக்குத் தாங்காது. சாப்பாட்டின் பாதியில் எழுந்துபோய் மூடுவாள். மூட முடியாத குழாய்க்குத் துணி சுற்றி, அடியில் டப்பா வைத்து, டப்பா நிறைந்ததும் அந்தத் தண்ணீரில் தரையைத் துடைப்பாள். அப்படி வந்த பெயர்தான் சொட்டக்கா. சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருந்தது.

பள்ளிவாசலின் பிளம்பருக்கு எல்போ என்று பெயர். குழாய் வளைவுகளுக்குப் போடுகிற எல்போ எந்நேரமும் அவர் சட்டைப் பையில் குறைந்தது ரெண்டு கிடக்கும். நாளொன்றுக்கு எழுநூறு லிட்டர் ஒளுத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது, சோப்பு படாத தண்ணீர், இதை வைத்து மொட்டை மாடியில் மண்ணே இல்லாமல் கீரை வளர்க்கலாம் என்று கமிட்டியில் சொன்னவர் அவர்தான். கமிட்டியின் செயலாளர் டயர் கடைக்காரர். "கால் கழுவுன தண்ணியில வளந்த கீரையை மனுஷன் திம்பானா?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கும்வரை காத்திருந்தார். ஆனால் ஏதோ ஓர் அமைப்பு, தோட்டம் போட்டால் பாதிச் செலவைத் தருகிறேன் என்றதும் அவருக்கே அந்த யோசனை வந்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்.

ஒளுத் தண்ணீர் முதலில் கசடு தங்கும் தொட்டிக்கு வரும். அங்கிருந்து ஜல்லி, மணல், கரி என்று மூன்று பீப்பாய்களில் இறங்கித் தெளியும். தெளிந்ததில் உரத் தண்ணீரை மூடி அளவில் ஊற்றிக் கலக்கி, சின்ன மோட்டார் மாடிக்கு ஏற்றும். மாடியில் இருபத்து நான்கு பிளாஸ்டிக் குழாய்கள் சரிவாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் வரிசையாக ஓட்டை, ஓட்டைக்கு ஒரு சல்லடைக் கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு செடி. தெருவில் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஆளுக்கு ரெண்டு குழாய். வெட்டிக்கொண்டு போக வருவார்கள். வளர்ப்பது சொட்டக்கா. கரியைக் கழுவுவது, அழுகிய வேரைக் கிள்ளுவது, அடைப்பெடுப்பது எல்லாம் அவள். ஒரு மாதத்தில் கீரை முழங்கை உயரம் வந்தது. புதினா வாசம் தெருமுனைவரை அடித்தது. முதல் கட்டை வாங்கிப் போனவர் செயலாளர். கால் கழுவின தண்ணீரைப் பற்றி அவர் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் அவளிடம் சொன்னார். "இங்க பாரும்மா. வருஷப் பொதுக்குழுவுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. அன்னிக்கு அந்த அமைப்புக்காரங்க பாக்க வர்றாங்க. அதுவரைக்கும் தோட்டம் பச்சையா நின்னுச்சுன்னா உன்னைப் பராமரிப்பு வேலையில நிரந்தரமாப் போட்டுர்றேன். மாடிப்படிக்குக் கீழ இருக்கே, பழைய மோதினார் ரூமு, அதையும் எடுத்துக்க."

பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிற மோதினார் இறந்த பிறகு அந்த அறையில் உடைந்த மின்விசிறிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் சொட்டக்கா தனியாகப் போய்ப் பார்த்தாள். ஒரு ஜன்னல், சுவரில் ஒரு மாடம், பலமான மரக்கதவு. உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள், துரு ஏறி அசையாமல் கிடந்தது. மறுநாள் முந்தானையில் எண்ணெய்ப் புட்டியை முடிந்து எடுத்து வந்து சொட்டுச் சொட்டாக விட்டாள். மூன்று நாள் துணியால் தேய்த்தாள். நாலாம் நாள் அது கீச்சென்றுகூடச் சொல்லாமல் போய்ப் பதிந்தது. போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். கதவில் முதுகைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் தட்டவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவளை யாரும் தட்டாத முதல் கால் மணி நேரம் அது.

வீட்டில் வாயை அடக்கிக்கொண்டு இருந்திருக்கலாம். அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் "நல்லதுதானேம்மா" என்றார். அண்ணி கேட்டுக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள். அடுத்த நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் பின்னால் வந்து நின்று, "நீ பாட்டுக்கு அங்க போயிட்டா இதையெல்லாம் யாரு பாக்குறதாம்?" என்றாள். பதில் வரும் என்று எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை அது.

நாலாவது மாதம் வேர்கள் பழுப்பாகத் தொடங்கின. என்னவென்று பார்த்தால், சில பேர் கழுவுமிடத்தில் சோப்புப் போட்டுக் கால் தேய்க்கிறார்கள், சில பேர் காறித் துப்புகிறார்கள். அவளாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? தொழுகை நடத்தப் புதிதாக வந்திருந்த ஹஜ்ரத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஹஜ்ரத் சின்ன வயசு, தங்கமான மனுஷன், பேச்சில் கெட்டிக்காரர்.

"ஹஜ்ரத், தண்ணியைப் பத்தி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல ரெண்டு வார்த்தை சொல்லுங்க. சோப்புப் போடாதீங்க, துப்பாதீங்கன்னு."

"தண்ணியைப் பத்தியா? நல்ல விஷயம்மா. கண்டிப்பாச் சொல்றேன்."

சொன்னார். சோப்பைப் பற்றி ஒரு வாக்கியம். மிச்ச அரை மணி நேரம் விரயத்தைப் பற்றி. ஓடுகிற ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நபிகள் சொன்னதை எடுத்து வைத்து, குடிக்கத் தண்ணீரில்லாத ஊர்களைச் சொல்லி, நாளை மறுமையில் ஒவ்வொரு சொட்டுக்கும் கேள்வி உண்டு என்றபோது ஆண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. திரைக்கு இந்தப்பக்கம் சொட்டக்காவும் அழுதாள். சொட்டுக்குக் கணக்கு வைத்தே பெயர் வாங்கினவள் ஆயிற்றே, தன்னைப் பாராட்டுகிற மாதிரி அவளுக்கு இருந்தது.

ஊர் திருந்துவது லேசில் நடக்கிற காரியமா? பொய் சொல்லாதே என்று எத்தனை பயான் கேட்டிருப்பார்கள், ஒருவன் திருந்தினானா? பக்கத்து வீட்டைப் பற்றிப் புறம் பேசாதே என்று தொண்டை வறளச் சொல்லியாயிற்று, பள்ளிவாசல் படி இறங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும், அவள் வயிற்றில் அடிப்பதற்கென்றே காத்திருந்த மாதிரி, ஒரே வாரத்தில் ஊர் மொத்தமும் திருந்தித் தொலைத்தது. செயலாளர் தன் செலவில், அமுக்கினால் நாலு நொடி வந்து தானாக நின்றுவிடுகிற குழாய்களை மாட்டினார். பெரியவர்கள் ஒரு சொம்பில் ஒளுவை முடித்துக்கொண்டு பெருமையோடு எழுந்தார்கள். வீட்டிலேயே ஒளு செய்துவிட்டு வருவதுதான் மேல் என்று வேறு சிலர் கிளம்பினார்கள்.

எழுநூறு லிட்டர் இருநூறாயிற்று. வெயில் காலம் வேறு. செடிகளுக்கு முந்நூறு வேண்டும். தினமும் ஆறு வாளித் தண்ணீர் குறைந்தது. தொட்டிக்குள் குச்சியை விட்டு எடுத்தால் ஈரம் நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே போனது. ஓரத்துக் குழாயில் கீரை தலையைத் தொங்கப் போட்டது.

செயலாளரிடம் போனாள். "பாய், தினம் ஆறு வாளி நல்ல தண்ணி எடுத்துக்கிறேன். வெயில் குறையிற வரைக்கும்."

அவர் அவளை நல்ல தண்ணீர்த் தொட்டியின் கீழே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். தொட்டியைக் கட்டிக்கொடுத்த புண்ணியவான் செத்து நாற்பது வருஷம் ஆகிறது. அவர் பதித்த கல் இருந்தது. "படிம்மா."

"இந்நீர் ஒளு செய்வதற்கு மட்டும்."

"மட்டும்னு போட்டிருக்கா? தர்மமா வக்ஃபு பண்ணுனவரு வார்த்தையை மாத்துறதுக்கு நான் யாரு? மறுமையில அவரு என் சட்டையைப் புடிச்சா நீயா வந்து பதில் சொல்லுவ? ஒளு செஞ்சு கீழ விழுந்த தண்ணி உனக்கு. மேல இருக்குறது உனக்கில்ல."

ஹஜ்ரத்திடம் போனாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "இப்பத்தான்மா ஜனங்க ஒரு நல்ல பழக்கத்துக்கு வந்திருக்காங்க. வீண் பண்ணுங்கன்னு நான் எப்படிச் சொல்றது?" எல்போவிடம் போனாள். அவர் தலையைச் சொறிந்தார். "என்னக்கா பண்றது, ஊரு திருந்துனா நமக்குத்தான் நட்டம்."

பொதுக்குழுவுக்கு ஆறு வாரம் இருந்தது. அன்று முழுக்க அவள் செயலாளர் சொன்னதையே மென்றுகொண்டிருந்தாள். ஒளு செய்து கீழே விழுந்த தண்ணீர் அவளுக்கு. யார் ஒளு செய்தால் என்ன?

முற்பகலில் பெண்கள் பக்கம் ஆளே இருக்காது. வீட்டு வேலையை முடித்து ஓடி வந்து, தொழுகைக்காகத்தான் என்று மனதில் நிய்யத் வைத்து, கை, வாய், மூக்கு, முகம் என்று ஒழுங்காகக் கழுவுவாள். ஏமாற்று வேலை கூடாது என்பதால் ஓர் உறுப்பையும் விடமாட்டாள். எந்த உறுப்பையும் மூன்று தடவைக்கு மேல் கழுவவும் மாட்டாள். ஆனால் அமுக்குக் குழாயை விடாமல் அமுக்கித் தாராளமாக விடுவாள். ஒரு ஒளுவுக்கு ஐந்தரை லிட்டர் போகும். தொழாமலே மறுபடி மறுபடி ஒளு செய்வதும் சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு ஒளுவுக்கும் இரண்டு ரக்அத் தொழுதாள். தொழுதுவிட்டு வந்து மறுபடி ஒளு. அப்படிப் பதினெட்டு தடவை. ஆறு வாளிக்குப் பதினெட்டு ஒளு என்று கணக்குச் சரியாக வந்தது.

குழாய் சொட்டினால் சோற்றை விட்டு எழுந்து போனவள் இப்போது தண்ணீரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "யா அல்லாஹ், எனக்கு வேற வழி தெரியலை" என்று ஒவ்வொரு தொழுகையிலும் சொன்னாள். தோட்டம் நிமிர்ந்தது. ஓரத்துக் குழாய்க் கீரை தலையைத் தூக்கிப் பார்த்தது. அவள் பாதம் மட்டும் கெட்டது. விரலிடுக்கு வெள்ளை வெள்ளையாக ஊறி, பிளந்து, புண்ணாகிச் சீழ் வைத்தது. முட்டி வீங்கியது. ஒருநாள் எல்போ மோட்டார் பார்க்க வந்தவர் அந்தக் காலைக் கண்டுவிட்டு என்னவென்று கேட்டார். அவரிடம் மட்டும் சொன்னாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ நீங்கதான் என் மோட்டாரா? சரிக்கா, நான் யார்கிட்டயும் மூச்சு விடல. மருந்து கிருந்து போடுங்க காலுக்கு."

அண்ணிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. தினமும் இவள் முற்பகலில் எங்கே ஓடுகிறாள்? ஒருநாள் புதினா வெட்டுகிற சாக்கில் கத்தரிக்கோலோடு வந்து மாடிப்படியில் நின்று பார்த்தாள். ஒளு, தொழுகை, ஒளு, தொழுகை. ஏழுவரை விரல் விட்டு எண்ணினாள். அதற்கு மேல் எண்ண வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. சாயங்காலத்துக்குள் தெரு பூராவும் ஒரே பேச்சாக இருந்தது: சொட்டக்காவுக்கு வஸ்வாஸ் பிடித்துவிட்டது.

கழுவினது சுத்தமாகவில்லையோ, தொழுதது செல்லாதோ என்ற சந்தேகம் மனசுக்குள் புகுந்து, திரும்பத் திரும்பக் கழுவ வைக்கிற நோய்க்குத்தான் வஸ்வாஸ் என்று பெயர். அது வந்தவர்களைத் தெருக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். பிள்ளையில்லாதவள், தனிக்கட்டை, அதிகம் பேசாதவள் என்று எல்லாம் பொருந்தி வந்தது. எவ்வளவு சுலபமாக நம்பினார்கள் தெரியுமா? அவள் கையால் வெட்டிக் கொடுத்த கீரையைக் கடைந்து தின்றுகொண்டே நம்பினார்கள்.

பொதுக்குழுவுக்கு மூன்று நாள் முன்னால் கமிட்டி அறைக்குக் கூப்பிட்டார்கள். செயலாளர், ஹஜ்ரத், அண்ணன், கதவோரம் அண்ணி. மோட்டார் வேலையாக வந்த எல்போவையும் நிற்க வைத்திருந்தார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா ஒளு செய்ற?" என்று செயலாளர் கேட்டார்.

"பதினெட்டு."

அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"எதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது. "செடிக்குத் தண்ணி பத்தலை பாய். ஒளுத் தண்ணிதான் எனக்குன்னு நீங்க சொன்னீங்க. அதான் நானே ஒளு செஞ்சேன். சும்மா ஊத்தல, ஒவ்வொண்ணுக்கும் தொழுதேன்."

உண்மையைச் சொன்னபோதுதான் அவள் நிஜமான பைத்தியமாகத் தெரிந்தாள். ஹஜ்ரத்தின் கண் கலங்கியே விட்டது. ஆனால் செயலாளர் டயர் கடைக்காரர் அல்லவா, கணக்கு அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. இவள் சொல்வது உண்மை என்றால் வக்ஃபுத் தண்ணீர் ஆறு வாரமாக ஒளு என்ற பெயரில் தோட்டத்துக்குப் போயிருக்கிறது. அதைச் சொல்லித் தோட்டத்தை மூட வேண்டும். மூன்று நாளில் அமைப்புக்காரர்கள் வருகிறார்கள். இவளுக்கு நோய் என்றால் ஒன்றையும் மூட வேண்டியதில்லை.

எல்போவைப் பார்த்தார். "ஏம்ப்பா, தண்ணி பத்தலையா? உனக்குத் தெரியுமா?"

இன்னும் இரண்டு பள்ளிவாசல்களில் இதே மாதிரி தோட்டம் போடுகிற வேலை அந்த வாரம்தான் எல்போவுக்குப் பேசி முடித்திருந்தது. தண்ணீர் பத்தாத தோட்டம் என்று பெயர் வந்தால் யார் கூப்பிடுவார்கள்? அவர் சொட்டக்காவின் காலை ஒருமுறை பார்த்தார். அப்புறம் சட்டைப் பைக்குள் எதையோ தேடினார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தண்ணியெல்லாம் சரியாத்தான் வந்துக்கிட்டிருந்துச்சு."

"தம்பி," என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

"இது ஷைத்தானோட ஊசலாட்டம்மா," என்று ஹஜ்ரத் மெதுவாகச் சொன்னார். "உன் தப்பு இல்ல. கொஞ்ச நாளைக்குத் தண்ணி இருக்குற பக்கமே வராம இரு. சரியாயிரும்." அந்த மனுஷன் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

அண்ணன் இரண்டடி முன்னால் வந்தார். "வீட்டுல உனக்கு என்னம்மா குறை வச்சோம்?"

அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. "ஒரு ரூமு வேணும்ணே. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு ஒரு நாளாவது தூங்கணும். அதுக்குத்தான் இவ்வளவும்."

கதவோரம் இருந்து அண்ணி சொன்னாள். "கேட்டீங்களா? தாழ்ப்பாளாம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?"

பொதுக்குழு அன்று தோட்டம் பச்சைப்பசேல் என்று நின்றது. அவள் தொழுத தொழுகையில் நின்றது. அமைப்புக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். செயலாளர் மேடையில் விரயத்துக்கு எதிராகப் பத்து நிமிஷம் பேசினார். கடைசித் தீர்மானமாக, நல்ல தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற நீரைத் தோட்டத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்று வாசித்தார். வழிவது வீண்தானே, அதை எடுப்பது மார்க்கத்தில் கூடும் என்று ஹஜ்ரத்தும் சொல்ல, எல்லாக் கையும் உயர்ந்தது. மொத்தமே ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். மறுநாளே எல்போ, தொட்டி நிறைந்ததும் தண்ணீரை நிறுத்துகிற மிதவையைக் கொஞ்சம் ஏற்றி வைத்தார். அன்றிலிருந்து தொட்டி தினமும் அளவாக, ஆறு வாளி வழிந்தது. கல் அதே இடத்தில்தான் இருக்கிறது.

பராமரிப்பு வேலையும் எல்போவுக்கே போனது. மாடிப்படி அறையைச் சாமான் வைக்கக் கேட்டார், கொடுத்தார்கள். மரக்கதவைக் கழற்றிவிட்டு இரும்பு ஷட்டர் போட்டார். கழற்றும்போது, தாழ்ப்பாள் மட்டும் புதுசு மாதிரி வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, வீண் பண்ணக் கூடாது என்று அதைத் தனியாக எடுத்து வைத்தார். மனசு உறுத்தியதோ என்னவோ, அண்ணனைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார். "வீட்டுல எதுக்காவது ஆகும் வச்சுக்கங்க. காசெல்லாம் வேணாம்."

அண்ணன் மறுநாள் காலை முழுக்க வீட்டு மாடியில் இருந்தார். வெட்டுத்துணி மூட்டைகள் போட்டு வைத்திருந்த மாடி அறையைத் தன் கையாலேயே காலி செய்தார். கூட்டினார். பாயைக் கொண்டுபோய் விரித்தார். தகரப் பெட்டியையும் அவரே தூக்கிக்கொண்டு போனார். பெரிய மகன் கதவில் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். மத்தியானம் அவளைக் கைபிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்தார்.

"கேட்டியே. இது இனிமே உன் ரூமும்மா."

அவள் அண்ணனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவரும் அழுதார். அவர் போன பிறகு பாயில் உட்கார்ந்து காலை நீட்டினாள். புண் காலை முழுசாக நீட்டினாள், யாருக்கும் மடக்க வேண்டியதில்லை. சிரிப்பு வந்தது. சும்மா சொல்லவில்லை, அந்த நேரத்தில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். எழுந்து கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். வெறும் பலகை. நாளைக்கு மாட்டுவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடி வந்து படுத்தாள்.

சாயங்காலத் தொழுகைக்கு, அசருக்குப் பாங்கு கேட்டது. ஒளு செய்துவிட்டு வரலாம் என்று எழுந்துபோய்க் கதவைத் தள்ளினாள். மறுபடி தள்ளினாள்.

"எதுக்குத் தள்ளுற?" வெளியே, கதவை ஒட்டி, அண்ணியின் குரல். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ. "உள்பக்கம் போட்டா நீ என்ன பண்றன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? தண்ணி நானே கொண்டாந்து வைப்பேன். ஒரு நேரத்துக்கு ஒரு சொம்பு. அது போதும்னு ஹஜ்ரத்தே சொல்லியிருக்காரு. காலையில வந்து திறந்து விடுறேன், பாத்திரம் கிடக்கு."

வெளியே தாழ்ப்பாள் போட்டது எப்போது என்று சொட்டக்காவுக்குத் தெரியவே இல்லை. சத்தம் கேட்டிருந்தால் ஓடி வந்து கையையாவது வைத்திருப்பாள். சத்தம் வராது. மூன்று நாள் எண்ணெய் விட்டுத் தேய்த்தது அவள்தான்.